இரண்டு மணி நேரம் மிச்சமிருந்த சீட்டு

இங்கிலாந்தின் கீத்லி ஊரில் பெரில் ஓல்ட்ராய்டைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தெட்டு வருஷம் ஆரம்பப் பள்ளி வாசலில் மஞ்சள் கோட்டும் கையில் வட்டப் பலகையுமாக நின்று, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்வரை லாரிகளைக் காக்க வைத்தவர். மழையோ பனியோ, ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. பொய் சொன்னதும் இல்லை. சொல்ல வராது என்பதுதான் சரி. விருந்துக்குப் போன வீட்டில் கறி வறண்டிருந்தால், வறண்டிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ரகம். இந்த மனுஷியைத்தான் அந்தக் கம்பெனி ஏமாற்றுக்காரி என்றது. நினைத்தாலே வாய் கசக்கிறது.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடம் முன்பு நகராட்சியிடம் இருந்தது. அந்தக் காலத்திலிருந்தே ஊரில் ஒரு வழக்கம். கிளம்புகிறவர் யந்திரத்தில் காசு போட்டு எடுத்த சீட்டில் நேரம் மிச்சமிருந்தால், உள்ளே வருகிறவரிடம் அதை நீட்டிவிட்டுப் போவார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கொடுப்பார். வாங்க மறுப்பதுதான் மரியாதைக் குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன் நகராட்சி அந்த இடத்தை ஒரு தனியார் கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்தது. அவர்கள் வாசலில் கம்பம் நட்டு, வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா வைத்தார்கள். சீட்டை நீட்டும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, பல் டாக்டரைப் பார்க்கப் பெரில் அங்கே போனார். சில்லறையை எண்ணிக்கொண்டு யந்திரத்தை நோக்கி நடக்கும்போது, பச்சை நிறச் சின்னக் காரிலிருந்து ஒரு பெரியவர் கையை நீட்டினார்.

"இந்தா கண்ணு, இதுல இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. கண்ணு டாக்டர் என்னைய சீக்கிரமா விட்டுட்டாரு."

"ஐயோ, வேணாங்க. காசு வெச்சிருக்கேன்."

"அந்தக் காசுல ஒரு டீ குடி. பல்லு வலிக்குதுன்னு மூஞ்சியிலயே தெரியுதே!"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை. பின்சீட்டில் பழுப்பு நாய் ஒன்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது. பின்கண்ணாடியில், புல்தரையில் மரப்பந்து உருட்டி விளையாடும் உள்ளூர்ச் சங்கத்தின் ஸ்டிக்கர் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கட்டணம் செலுத்தாமல் வண்டியை நிறுத்திய குற்றத்துக்கு நூறு பவுண்டு. பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது. மிரட்டலுக்கும் தள்ளுபடி கொடுக்கிறார்கள் பாருங்கள், என்ன பிழைப்போ!

பக்கத்து வீட்டு மால்கம் சக்டன், பேருந்தில் சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"அறுபதக் கட்டித் தொலச்சிட்டு வேலையப் பாரு பெரில்."

"நான் திருடுனேனா? அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அந்த மனுஷன் காசு போட்டிருக்காரு. ஒரே நேரத்துக்கு ரெண்டு தடவ காசு கேக்கறாங்க. யாரு திருடன்?"

"அப்ப முறையீடு பண்ணு. ரெண்டே வரி. பேச்ச வளக்காத."

பெரில் நான்கு பக்கம் எழுதினார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பேனா மையை ஊதிக் காயவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெரியவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனம் என்று பட்டது அவருக்கு. பச்சைக் கார், சங்கத்தின் ஸ்டிக்கர், பழுப்பு நாய், சரியாக இரண்டு பத்துக்கு அவர் கிளம்பியது என எல்லாவற்றையும் எழுதினார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கம்பெனிக்காரர்களுக்கே வெட்கமாகிவிடும் என்று நம்பினார். கடைசியில், உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும் என்று வேறு போட்டார். வழிப்பறிக்காரனிடம் மன்னிப்பு! எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கும் இது தோன்றாது.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. முறையீடு நிராகரிக்கப்படுகிறது, சீட்டை இன்னொருவருக்கு மாற்றித் தர அனுமதியில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. "நீங்கள் அளித்த விவரங்களுக்கு நன்றி. அவற்றின் அடிப்படையில், சீட்டைக் கொடுத்த வாகனத்தின் உரிமையாளருக்கும் கட்டண அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது."

பெரில் அதை மூன்று தடவை படித்தார். போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.

"நாய் பேரையும் கேட்டு எழுதிருக்கலாமே," என்றார் மால்கம்.

"வாய மூடு மால்கம்."

"சரி, மூடிட்டேன்."

"எனக்கு டீக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுத்த மனுஷன்யா அவரு. நானே அவரக் காட்டிக் குடுத்துட்டேன். சீ! இந்தக் கம்பெனிக்காரனுங்க மனுஷப் பிறவிதானா?"

அன்றைக்கே சங்கத்துக்கு ஓடினார். கதவில் பூட்டுத் தொங்கியது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் புல்தரையை ஏப்ரல் கடைசியில்தான் திறப்பார்கள். ஒரு தாளில், "பச்சைக் கார்க்காரரே, அந்தக் காசைக் கட்டாதீர்கள்" என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். அது யார் கையில் கிடைக்குமோ, தெரியவில்லை. பெயர் தெரியாத மனிதரை வேறு எங்கே போய்த் தேடுவது?

இனி நூறு பவுண்டு அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தான் ஜெயித்தால் அதே காரணத்தைச் சொல்லி அந்தப் பெரியவரும் ஜெயிக்கலாம் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கம்பெனிக்கு மேலே ஒரு நடுவர் அமைப்பு உண்டு. அங்கே எழுத ஆதாரம் தேடி, மால்கமையும் இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். மால்கம் குடை பிடிக்க, பெரில் ஒரு முள்செடிப் புதருக்குள் தலையை விட்டார்.

"கெடச்சிருச்சு! இங்க பாரு. சீட்ட மாத்தித் தரக் கூடாதுன்னு இந்தப் பலகையிலதான் எழுதிருக்கான். புதருக்குள்ள!"

"என்ன எழுத்துன்னே தெரியல. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"படிச்சிரக் கூடாதுன்னே போட்டிருக்கான், அயோக்கியப் பய."

கையெல்லாம் கீறல். பன்னிரண்டு படம் எடுத்தார். இந்தத் தடவை மால்கம் சொன்னபடி இரண்டே வரி எழுதினார்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை காலையில் நடுவரின் கடிதம் வந்தது. அறிவிப்புப் பலகை கண்ணில் படும்படி இல்லை, கட்டணம் ரத்து. பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனார். புல்தரை திறந்திருந்தது. பழுப்பு நாய்தான் முதலில் ஓடிவந்தது. பின்னால் அந்தப் பெரியவர் வந்தார்.

"அட, பல்லு வலிக்காரம்மா! நான் வில்ஃப் பாராக்ளோ. உள்ள வா, டீ போட்டிருக்கு."

"டீ இருக்கட்டும் ஐயா. உங்களுக்கு அந்தக் கம்பெனிக் கடுதாசி வந்துச்சா? கட்டாதீங்க. நான் ஜெயிச்சிட்டேன். இதக் காட்டுனா நீங்களும் ஜெயிச்சிரலாம்."

வில்ஃப் கடிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வந்த மறுநாளே கட்டிட்டேனே கண்ணு. அச்சடிச்ச கடுதாசி, தப்பு நம்ம மேலதான் இருக்கும்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரியும் எழுதிப் போட்டேன்."

கட்டிய பணம் கட்டியதுதான், அதற்குமேல் முறையீடு கிடையாது என்று மால்கம் முன்பே சொல்லியிருந்தார்.

"ஒண்ணுதான் புரியல," என்றார் வில்ஃப். "எங்க சங்கத்து ஸ்டிக்கரு, பின்சீட்டுல நாயி, எல்லாத்தையும் எழுதிருந்தாங்க. கேமராவுல அவ்வளவும் தெரியுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெரிலுக்கு அது வரவில்லை.

"நான்தான் எழுதுனேன். நீங்க எவ்வளவு நல்லவருன்னு சொல்லத்தான் எழுதுனேன்."

வில்ஃப் குனிந்து நாயின் காதைத் தடவினார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பெரில் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். வில்ஃப் அந்தக் கையை மூடிவிட்டு, டீயை ஊற்றி, சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் சொன்னார்.

"உம்மேல வருத்தமில்ல கண்ணு. ஆனா போன வாரம் அதே எடத்துல, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு ஒருத்தி என் கண்ணாடியத் தட்டுனா. சீட்டுல நேரம் இருக்கான்னு கேக்கத்தான் வந்திருப்பா. நான் பாக்காத மாதிரி வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். இனிமே யாருக்கும் எதுவும் நீட்டறதா இல்ல."

பெரில் காரில் ஏறி உட்கார்ந்தார். ஜெயித்த கடிதத்தை நான்காக மடித்து, அதிலேயே மூக்கைச் சிந்தி, கசக்கிக் காலடியில் போட்டார்.