பேசாத பதினேழாம் நம்பர்

என் கோபத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் கோபத்தில் நான் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், என் சார்பில் ஒரு மனிதரை வெளியே தள்ளிய கதை அம்மாவைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாது. நல்லபடியாக முடிந்ததால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். வேறு மாதிரி முடிந்திருந்தால் மூச்சுவிட்டிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, விண்ணப்பங்களைப் போட்டுவிட்டு, மயிலாப்பூரில் வீட்டோடு இருந்தேன். அமெரிக்கா போன அண்ணன் தன் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். கூடவே அவன் நடத்திவந்த 'போர்டை'யும். இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம் அது. மோடம் வைத்திருப்பவர்கள் எங்கள் வீட்டு போனுக்கு டயல் செய்தால் கம்ப்யூட்டர் எடுக்கும். அவர்கள் திரையில் எங்கள் அரட்டைப் பலகை தெரியும். முன்னால் வந்தவர்கள் எழுதியதைப் படிக்கலாம், பதில் எழுதிவிட்டுப் போகலாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும். லைன் ஒன்றுதான் என்பதால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை போன் போர்டுக்கு, மற்ற நேரம் அம்மாவுக்கு என்று ஒப்பந்தம்.

அம்மா அதை மறந்துபோய் நடுவில் ரிசீவரை எடுத்துவிடுவாள்.

"ஏண்டி, யாரோ கீச்சுகீச்சுன்னு கத்தறாளே, யாருடி அது?"

"அடையார்லேர்ந்து ஒருத்தர் பேசிண்டிருக்கார்மா. கீழ வை."

"இதுக்குப் பேர் பேச்சா?" என்று சொல்லிவிட்டு வைப்பாள். அதற்குள் அடையார் அறுந்து போயிருக்கும்.

உறுப்பினர்கள் முப்பது சொச்சம் பேர். தபாலில் படிவம் அனுப்பிச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, பெயர் கிடையாது. நடத்துவது ஒரு பெண் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் என்னை 'சார்' என்றுதான் எழுதினார்கள். நானும் திருத்தவில்லை.

ஆரம்பத்தில் என் எரிச்சல் என்னவென்றால், வருகிறவர்கள் படிப்பார்கள், ஒரு வரி எழுதாமல் போய்விடுவார்கள். விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போக இது என்ன சத்திரமா? ஒரு வாரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். ஒரு செய்தி எழுதினால் ஒரு பாயிண்ட். அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொன்னாலோ புதியவரை வரவேற்றாலோ இரண்டு. பாயிண்ட் சேரச் சேர ஒரு படி மேலே. எங்கள் வீட்டுக் கொலுவில் ஏழு படி, அதனால் போர்டிலும் ஏழு. மேல் படிக்குப் போகப் போக உள்ளே இருக்கும் நிமிஷங்கள் கூடும். மூன்று மாதம் வாயே திறக்காதவர்கள் தானாக நீக்கப்படுவார்கள். நீக்கும்போது திரையில் வர ஒரு வாசகமும் எழுதிவைத்தேன்: 'நீங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. உங்கள் நம்பர் நீக்கப்பட்டது.' அதை எழுதிய அன்று எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கொலுவுல வாய தொறக்காத பொம்மையத்தானேடி மேல் படில வெப்போம்? நீ என்னடான்னா பேசறதத் தூக்கி மேல வெக்கறே."

அம்மாவுக்கு எதையும் கிண்டல் செய்யாவிட்டால் காய் வேகாது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். அதுதான் அடுத்த தொந்தரவு. சைதாப்பேட்டைக்கு எந்த பஸ் என்று ஒருவர் கேட்க, ஒன்பது பேர் அதே பதிலை எழுதினார்கள். பத்தாவது ஆள் 'மேலே சொன்னது சரி' என்று எழுதி இரண்டு பாயிண்ட் வாங்கிக்கொண்டார். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன் நாலாம் நம்பர். அண்ணன் காலத்து உறுப்பினன், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறவன், மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன் என்று அவன் எழுதியதிலிருந்தே தெரியும். தினம் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி 'உள்ளேன் ஐயா' என்று ஒரு செய்தி. காலையில் என்ன சாப்பிட்டான் என்று இன்னொன்று. மழை பெய்தால் மூன்றாவது. இதை வைத்தே ஆறாம் படிக்கு ஏறிவிட்டான். 'உள்ளேன் ஐயா'வுக்கெல்லாம் இனி பாயிண்ட் கிடையாது என்று அடுத்த மாதம் விதி போட்டு அவனை இறக்கிவிட முடிவு செய்திருந்தேன்.

அவனுக்கு நேர் எதிர் பதினேழாம் நம்பர். தினமும் மதியம் ஒரு மணிக்கு வருவார், ஐந்து நிமிஷம் படிப்பார், போய்விடுவார். ஒரு வரி எழுதியதில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று புரோகிராம் அவரை நீக்கியது. மறுநாள் காலை பார்த்தேன். விதி ஒழுங்காக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோரு நாள் கழித்து ஒரு முற்பகலில் வாசல் மணி அடித்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நின்றிருந்தார்.

"சார் கீறாரா?"

"எந்த சார்?"

"கம்ப்யூட்டர் போர்டு நடத்தறாரே, அவரு."

"நான்தான் நடத்தறேன்."

என் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றினார்.

"நான் பதினேழாம் நம்பரும்மா."

எனக்கு உடனே விறைப்பு ஏறியது. "மூணு மாசமா நீங்க ஒரு வரி எழுதலை. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு வரலமா. நம்பர் போனா போவுது. ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. என்னைத் தூக்கிடச் சொல்லி அவன் சொன்னானா?"

"எவன்?"

"நாலாம் நம்பரு. என் புள்ள."

உள்ளே உட்காரவைத்தேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். சைதாப்பேட்டையில் வீடு. ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பையன் அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுதாமல் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்ததில் ஒருநாள் வாய்த்தகராறு முற்றியது. இருபத்துமூன்று வயதுப் பையன்மேல் கையை ஓங்கிவிட்டார். அன்று போனவன் திரும்பவில்லை. எந்த மேன்ஷன் என்றுகூடத் தெரியாது. வீட்டில் போனுக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் போர்டு நம்பரையும், கீழே 'நான் 4' என்றும் அவன் எழுதி வைத்திருந்தான். ஆபீஸில் மோடம் இருந்தது. டயல் செய்யக் கற்றுக்கொண்டு, படிவம் அனுப்பிச் சேர்ந்துவிட்டார்.

"நான் படிக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவான்மா. அதான் ஒண்ணும் எழுதல. உள்ளேன் ஐயான்னு வந்தா போதும், அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கும். வூட்ல அவங்கம்மாவுக்கு தெனம் போய்ச் சொல்வேன், இன்னா சாப்ட்டான்னு. கடைசியா ஜொரம்னு எழுதியிருந்தான். மறுநாளு இது வந்துச்சு." என் வாசகத்தை அப்படியே ஒப்பித்தார். நீங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. "கண்டுபுடிச்சுட்டான், அவன்தான் எழுதச் சொல்லிட்டான்னு நெனச்சுட்டேன்."

"அவங்கம்மாகிட்ட என்ன சொன்னேள்?" என்று அம்மா கேட்டாள்.

"பதினோரு நாளா அவன் சாப்ட்டதா நானே ஆக்கிப் போட்டுக்கினு கீறேன்மா. ஒருநாள் தோச, ஒருநாள் பொங்கல்."

ஃபைலை எடுத்து இரண்டு படிவங்களையும் பார்த்தேன். நாலுக்கும் பதினேழுக்கும் ஒரே தெரு, ஒரே கதவு எண். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவளின் கண்ணில் இது படவில்லை.

"அவருக்கு எதுவுமே தெரியாது. அவர் யார்கிட்டயும் எதையும் சொல்லலை. அது நான் எழுதினது. என் தப்பு" என்றேன். தப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் சொல்லல" என்றார், கேள்வியாக இல்லை. இன்னொரு தரமும் அதையே சொன்னார். கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பதினோரு நாள் செய்திகளையும் காட்டினேன். திரையோடு ஒட்டிக்கொண்டு படித்தார். 'உள்ளேன் ஐயா. ஜுரத்தோடுதான் வந்திருக்கிறேன், ஏழாம் படி ஏற வேண்டுமே.' 'உள்ளேன் ஐயா. ஜுரம் குறைந்தது.' 'உள்ளேன் ஐயா. நாலு இட்லி, மிளகாய்ப்பொடி.' குப்பை என்று நான் தள்ளிய செய்திகள்தான் எல்லாம். என் பாயிண்டுக்காக ஒருவன் ஜுரத்தோடு எழுந்து வந்தானே என்று வெட்கமாகவும் இருந்தது, வந்ததால்தானே தெரிந்தது என்று ஆறுதலாகவும் இருந்தது.

அவருடைய நம்பரைத் திருப்பிக் கொடுத்தேன். நீக்கும் விதியை அவர் எதிரிலேயே அழித்தேன். "இனிமே நீங்க எதுவும் எழுத வேண்டாம், சும்மா வந்து படிங்கோ" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எழுதிக்கவா? அவனுக்குன்னு இல்லமா, எல்லாருக்கும் பொதுவா."

"தெரிஞ்சுடுமே?"

யோசித்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். 'ஜுரம் விட்ட பிறகு ஒரு வாரம் மிளகாய்ப்பொடி வேண்டாம். வயிறு தாங்காது.' பையனுக்கு ஜுரம் விடும்போதெல்லாம் வீட்டில் அவர் சொல்வது இதுதானாம்.

புரோகிராம் அவருக்கு முதல் பாயிண்டைப் போட்டது. அம்மா அவரை மோர் குடிக்காமல் போகவிடவில்லை.

மறுநாள் போர்டில் ஒரே அமளி. பொடி சூடா, எண்ணெய் சூடா, நெய் விட்டால் ஆகுமா என்று ஆளுக்கு ஆள் எழுதிப் பாயிண்ட் அள்ளினார்கள். பதினேழாம் நம்பருக்கு ஏழு பேர் நல்வரவு சொன்னார்கள். நாலாம் நம்பரைக் காணோம். பன்னிரண்டு மணி தாண்டியது. ஒரு மணிக்குப் பதினேழு வந்தார், ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும் நாலு வரவில்லை. பதினேழு வந்து இரண்டே நிமிஷத்தில் போய்விட்டார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன பலகாரம் சொல்வார் என்று நினைத்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. தெரிஞ்சுடுமே என்று சொன்ன நானே அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். நான் எழுதிய விதியால் ஒருமுறை கெட்டது, விதியை அழித்ததால் இரண்டாவது முறை கெட்டது என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா கிண்டல் செய்யவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பத்து மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அடையார் வந்தது, போனது. ராஜா அண்ணாமலைபுரம் வந்து பொடிக்குப் பருப்பு வறுக்கும் பக்குவம் எழுதியது. எனக்கு வந்த கோபத்தில் அவர்களுடைய படிகளையெல்லாம் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மோடம் கீச்சிட்டது. திரையில் 4 என்று வந்தது. சமையலறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கரண்டியோடு ஓடிவந்தாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் நின்றன. எழுதியதை அழித்தான். மறுபடி எழுதினான்.

'உள்ளேன் அப்பா. பொடி தொட்டுக்கொள்ளவில்லை.'

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி எப்போது ஆகும் என்று இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.