எப்போதும் வெளியில் இருந்த புத்தகம்

ஓசூரில் பேச ஆள் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரம்மாவுக்குத் தெலுங்கு, பக்கத்துக் குடித்தனத்துக்குக் கன்னடம், கம்பெனியில் பாதி ஆங்கிலம் பாதி தமிழ். நாள் முழுக்கப் பேச்சுத்தான். தண்ணீர் எப்போது வரும், யாருக்கு ஷிப்ட் மாறியது, எந்த பஸ் நிற்காமல் போனது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தரப் பரிசோதனை வேலைக்கு வந்த நானும் இதையெல்லாம் மூன்று பாஷையிலும் பேசக் கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குப் பேச வேண்டியிருந்தது ஒரு புத்தகத்தைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவேன். அங்கே கீழ்த்தட்டில் குனிந்து தேடியபோது கிடைத்தது அது. மெலிந்த சிறுகதைத் தொகுப்பு, அட்டை வெளுத்திருந்தது. எழுதியவரைப் பற்றி ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர் என்று ஒரே ஒரு வரி. பதிப்பகத்தின் எண்ணுக்குப் போன் செய்தால் ஏதோ டயர் கடையில் எடுத்தார்கள்.

அதில் ஒரு கதை. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் பழம் நறுக்கப் போகும் ஒருத்தி, தினமும் அதே பஸ்ஸில் வீடு திரும்புகிறாள். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்காமலே கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். சீசன் முடிந்து கடைசி நாளன்று வேறு கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்று கேட்கிறார். அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கதை அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். இந்த ஊருக்கு வந்தபின் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கேன்டீனில் கூட வேலை செய்பவளிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

"கடைசில என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல."

"அப்பறம் என்னாத்துக்குடி அது கதை?" என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டாள்.

ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வாசகர் குழு ஒன்றில் போட்டேன். இரண்டு கும்பிடு வந்தது, அதற்குக் கீழே ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். எல்லாக் காலத்திலும் அதே பத்து எழுத்தாளர்களைத்தான் மேடையில் ஏற்றி, அதே பத்துப் பேருக்குத்தான் சால்வை போர்த்துகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. பதினோராவது ஆளைத் திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிவிடுமா என்றுதான் கேட்கிறேன். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறினேன். நான் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தின் மூலையில் ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்தேன். என்னவென்று நூலகரிடம் கேட்டேன்.

"யாரும் எடுக்காத புக்குங்க மேடம். தேதி முத்திரையே விழலன்னா கழிச்சுடுவோம். எடத்துக்கு எங்க போறது?" என்றார்.

அதுவரை அந்தப் புத்தகத்தை நான் அங்கேயே உட்கார்ந்துதான் படித்திருந்தேன். அன்றே அந்தத் தொகுப்பை எடுத்துப் போனேன். பதினைந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்து, அங்கேயே நின்று மறுபடி எடுத்தேன். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. பின்பக்கத்துத் தாளில் முத்திரைகள் நிறைந்தன, புதுத்தாள் ஒட்டினார்கள். ஒரு எழுத்தாளரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, முத்திரை குத்திக்கொண்டே நூலகர் சொன்னார். "இந்த புக்கக் கேட்டு ஒரு பெரியவரு மூணு தடவ வந்துட்டுப் போனாரு மேடம். இங்க மக வீட்டுக்கு வரும்போதெல்லாம் வராரு. எப்பவும் வெளியவே இருக்குன்னு சொன்னேன். சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

இன்னொரு ஆள்! எனக்குக் கால் தரையில் படவில்லை. எந்தக் கதையிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்தால், அதிலிருந்த பெயரும் அட்டையிலிருந்த பெயரும் ஒன்று. கீழே ஊர் விலாசமும் போன் நம்பரும் இருந்தன. எழுதியவரே தேடி வந்திருக்கிறார்! சந்தோஷத்தில் வேறெதுவும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரை போய், அங்கிருந்து அவர் ஊருக்குப் போனேன். வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். லுங்கி, காதோரம் நரை, கூச்சமான சிரிப்பு. தன்னிடம் ஒரு பிரதிகூட இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று, ஒரு தடவை படித்துப் பார்க்க ஆசை என்றார். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அவர் கதைகளின் பக்கமே போகவில்லை. நேராகப் பின்பக்கத்தைத் திறந்து, முத்திரைகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார்.

"இத்தினி பேராம்மா?"

எல்லாம் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"இன்னும் யாராச்சும் கேக்கறாங்களாமா?"

"ஒருத்தர் கேட்டு வந்துட்டே இருக்காராம் சார்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்த அந்த ஒரே ஆள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தை மூடி, கடலைத் தூசியை ஊதித் துடைத்து, என் கையிலேயே திரும்பத் திணித்தார்.

"அப்ப அவருக்குக் குடும்மா மொதல்ல. பாவம், எத்தினி தடவதான் அலைவாரு? எழுதுனவன் நான், எனக்கென்ன அவசரம்."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. ஓசூர் வந்ததும் முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கூரியரில் அனுப்பினேன். கிடைத்தது என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "அவரு வந்து வாங்கிட்டாரா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டார் என்றேன்.

புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு நான் எடுக்கவில்லை. என்னைத் தவிர ஒருவராவது எடுக்கட்டும் என்று, கண்ணுக்கு நேரான தட்டில் அட்டை தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்க்கிறேன். போன வாரமும் அங்கேயேதான் இருந்தது.