ஏரிக்கு ஒரு சார்ட்

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குத் தோணிரேவுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பாடத்திட்டம் எழுதி எழுதியே ஓய்ந்துபோயிருந்தேன். அன்றைய பாடம் உப்புநீர் ஏரி. ஜன்னலைத் திறந்தாலே ஏரி. பிள்ளைகளின் அம்மாக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டியே நடத்தினேன்.

பார்வையிட வந்த பேராசிரியர், "துணைக்கருவி எங்கம்மா? சார்ட் இல்லாம மார்க் போட முடியாது, நாளைக்குக் கொண்டு வா" என்றார்.

வாதாடத் தெம்பில்லை. ஏரிக்கரையில் ஏரிக்குப் படம் கேட்கிற படிப்பு! சாயங்காலம் முழுக்கக் குனிந்து வரைந்தேன். மறுநாள் மாட்டப் போனால், ஜன்னலுக்கு மேலே மட்டும்தான் ஆணி. காற்றில் சார்ட் படபடத்தது, ஜன்னலைச் சாத்தினேன். பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார்.

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், நேத்து எங்கம்மா தெரிஞ்சாங்களே, இதுல எங்க கீறாங்க?"