காய்க்குக் காவல் கேட்ட சுக்கான்காரர்

பினாங்கில் தமிழ்ப் பள்ளி வாத்தியாராக இருந்த காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் வாசகசாலையில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். விதிகளை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் காய்களைச் சும்மா பறிகொடுக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. பார்த்து ஆடுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். எதைப் பார்ப்பது என்று சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர்களில் மிக மோசம், அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போய்வரும் நீராவிப் படகில் சுக்கான் பிடிக்கும் ஒரு தமிழ் முஸ்லிம். நாற்பதைத் தாண்டியவர், எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன். எதிராளி காயை வைத்து விரலை எடுப்பதற்குள் இவர் கை நீண்டுவிடும். ஒரு நாள், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், ராணியைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயிடம் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களை நம்பி ஜனங்கள் எப்படிப் படகில் ஏறுகிறார்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் காய்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் புக்கிட் தெங்காவில் ஒரு கல்யாணம். அவருடைய படகில்தான் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். நேரமாகிறது என்று பயணிகள் முணுமுணுத்தார்கள், நானும்தான். அவர் அவசரப்படவில்லை. கயிறு அவிழ்ந்ததா என்று முன்னால் நின்றவரைக் கேட்டார். பின்பக்கம் சம்பான் தோணி ஏதும் வருகிறதா என்று இன்னொருவரைக் கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். இயந்திரம் தயாரா என்று அதனருகே இருந்தவரையும் கேட்டார். மூன்று பதிலும் வந்த பிறகே அவர் கை சுக்கானுக்குப் போனது.

பிறையில் இறங்கும்போது, முந்தின நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். படகில் இவ்வளவு கேட்கிறவர் பலகையில் ஏன் கேட்பதில்லை என்றும் கேட்டேன்.

"அங்க யாரு வாத்தியாரே பதில் சொல்றது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே கேட்டு நானே சொல்லிக்க வேண்டியதுதான் லா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிராளி ஆடியதும், அவர் நகர்த்திய காயைப் பார்த்து, "இவன் எதுக்கு இங்க வந்தான்?" என்று வாய்விட்டுக் கேட்டார். பதிலையும் சொல்லிக்கொண்டார். பிறகு, தாம் நினைத்த காயைத் தொடாமலே, அது நகர்ந்தால் எதற்குக் காவல் போய்விடும் என்று தம் காய்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று தோற்றார், ஆனால் ஒரு காயைக்கூடச் சும்மா கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில், சிரித்தவர்களும் பலகை முன்னால் உதடசைக்கத் தொடங்கினார்கள்.

அப்போது தைப்பிங்கிலிருந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி ஒருவர் வந்தார். கெட்டிக்கார ஆட்டக்காரர். முதலில் நான் உட்கார்ந்தேன். வாத்தியார் என்ற மிதப்பில் ஒரு யானையைத் தாரைவார்த்து, சீக்கிரமே தோற்றேன். அடுத்து சுக்கான்காரர். இரண்டு மணி நேரம் ஆடி அவரும் தோற்றார். ஆனால் எழுந்த கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இவருகிட்ட ஒண்ணுமே சும்மா கிடைக்கல" என்றார்.

நான் அன்று சுக்கான்காரரைப் பேசிய பேச்சுக்கு, என் யானையைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காய்களைப் பழையபடி அடுக்கி, யானை போன அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார். என் தாக்குதலைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் ஆகும்" என்றார்.

தப்புச் செய்தவனிடம் இப்படியும் பேசலாம் என்று, இத்தனை வருஷம் வகுப்பில் நின்ற எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் புதிதாக வருகிறவர்களை முதலில் அவர் பக்கத்தில்தான் உட்காரவைத்தேன்.