கரையான்சாவடிக்கு ஒரு சின்ன பேட்டரி

காலை ஒன்பது மணிக்கு நெமிலிச்சேரியை விட்டுக் கிளம்பினோம். கரையான்சாவடிக்குப் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். அங்கே என் அண்ணனின் புதுவீட்டில் பதினொரு மணிக்கு ஜெபம். போவது எங்கள் பழைய பெட்ரோல் வேனில். பெட்ரோல் என்பது பேச்சுக்குத்தான். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டும் என் வீட்டுக்காரர் எட்வின், எங்கள் வாசலிலேயே இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பெரிய பேட்டரியும் பொருத்திவிட்டார். அது நடுரோட்டில் நிற்காத மாதமே கிடையாது. இந்தத் தடவையும் நின்றால் பழைய இரும்புக் கடைதான் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார். ஆனால் முகம் தொங்கிப்போனது.

ஆவடியில் தூறல். வைப்பர், ஹெட்லைட், கண்ணாடியில் படியும் ஆவிக்கு ஃபேன் என எல்லாவற்றையும் போட்டார். வண்டியில் துளிச் சத்தமில்லை. எனக்கு அதில் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

“பாத்தியா ஸ்டெல்லா, சார்ஜ் எறங்கவே இல்ல!” என்றார் மீட்டரைக் காட்டி.

ஒன்பதே முக்காலுக்கு, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் ஹாரன் கம்மியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. பிறகு வண்டியும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் ஊரில் வண்டி நின்றால் கேட்காமலே தள்ள ஆள் வரும். டீக்கடையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள்.

“செகண்ட் கியர்ல போடு நைனா, தள்ளுறோம்!”

“தள்ளுனா ஸ்டார்ட் ஆவாதுண்ணா. இதுல இன்ஜினே கெடையாது.”

“இன்ஜின் இல்லாமயா இம்மாந்தூரம் வந்துகினு கீறே?”

சொல்லியும் கேட்காமல் கடை வாசல்வரை தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

பெரிய பேட்டரி நிறைந்துதான் இருந்தது. ஆனால் அதன் கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடுவது பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி. லைட்டும் வைப்பரும் அதில்தான் ஓடுகின்றன. பெட்ரோல் வண்டியில் அதை இன்ஜின் சார்ஜ் செய்யும். இதில் பெரியதிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் உண்டு. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

“ஏங்க ஆஃப் பண்ணீங்க?”

“ஒங்க அண்ணன் பாக்கும்போது மீட்டர்ல நெறைய காட்டணும்னு...” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஜினைக் கழற்றிய அன்று அண்ணன் ஊரே கேட்கச் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆட்டோக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தார். எட்வின் கன்வெர்ட்டரைப் போட்டுச் சாவியைத் திருப்ப, உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். வைப்பர் மிச்சக் கண்ணாடியைத் துடைத்தது. ஒயரை எடுத்த பிறகும் வண்டி உயிரோடு இருந்தது. ஆட்டோக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார். ஆளுக்கொரு டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

பதினொன்றுக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம். ஜெபம் முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும், எதிர்பார்த்தபடியே அண்ணன் வந்தார்.

“இன்னா மாப்ளே, ஒன் வண்டி வழில எங்கனா நின்னுச்சா?”

எட்வின் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நிக்கலண்ணா,” என்றேன். “டீ குடிக்க நாங்கதான் நிறுத்துனோம்.”

ஜெபம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஒரு பொய்.