அபிசாய் சரிபார்த்த கணக்கு

ஃபிஜியின் முந்நூறு சொச்சம் தீவுகளிலும் செத்துப்போன ஒரு மனிதரை மேலதிகாரியாக வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கறிக்கையை முடித்தவன் நான் ஒருவன்தான். அவர் என் கூட்டலில் பிழைகூடக் கண்டுபிடித்தார். நம்ப மாட்டீர்கள், தெரியும். என் மனைவியே நம்பவில்லை. ஆனால் கீழே நான் எழுதப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் ஓய்வூதியத்தை இன்றே நிறுத்திக்கொள்ளலாம். என் தலைமயிர் நட்டுக்கொண்ட அளவை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன். அது என் தலை, என் உரிமை.

சவுசவு நகரத்துக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் ஒரு சின்னக் கல்லூரி. நூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள், மூன்று கட்டடம், ஒரு மின்னாக்கி. அங்கே கணக்குகளையும் நிதியறிக்கையையும் மேற்பார்ப்பதற்காக ஜனவரியில் நான் போய்ச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர் அபிசாய். டிசம்பர் 21-ஆம் தேதி காலையில் நகரத்துக்குப் படகில் கிளம்பியிருக்கிறார். நடுவழியில் படகு கவிழ்ந்தது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. 23-ஆம் தேதி அடக்கம் செய்தார்கள்.

அவர் மேசைக்கு நூறு இரவு தீட்டு. யாரும் உட்காரக் கூடாது, தொடக் கூடாது. உடல் கிடைத்த அன்றே முதல்வர் தன் கையால் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். காலி. பூட்டினார், மேலே தாள் ஒட்டினார், கையெழுத்தும் போட்டார். எனக்கு அதை அடுத்த அறையில் ஒரு மர ஸ்டூல் கிடைத்தது. முதுகுவலி இன்றும் இருக்கிறது.

வந்த மூன்றாம் நாளே வினை தெரிந்துவிட்டது. புயலில் பறந்த விடுதிக் கூரைக்காக டிசம்பர் 20-ஆம் தேதி காணிக்கை வசூல் நடந்திருக்கிறது. ஊர் ஊராகப் பெயர் கூப்பிட, ஒவ்வொரு ஊராரும் வந்து பாயில் பணம் வைத்தார்கள். மொத்தம் 1,840 டாலர். எண்ணி எழுதியவள் காசாளர் வாசிதி. பதிவேட்டில் இருக்கிறது, வங்கியில் இல்லை.

வாசிதி அபிசாயின் சித்தப்பா மகள். எங்கள் வழக்கத்தில் அவள் அவருக்குத் தங்கை. அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. கை நீட்டிக் கொடுக்க வாங்கக் கூடாது. இருபத்திரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் பணப்பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அவர் வந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டு, மேசையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய்விடுவார். பிறகு அவள் வந்து ஏட்டை எடுத்துக்கொள்வாள். உலகத்தில் எந்தத் தணிக்கைப் புத்தகத்திலும் இல்லாத முறை. இருபத்திரண்டு வருடம் ஒரு சென்ட் பிசகவில்லை.

அந்த 20-ஆம் தேதி மட்டும் கையெழுத்து இல்லை. பெட்டி காலி.

மார்ச் 31-ஆம் தேதிக்குள் தணிக்கை செய்த அறிக்கை போகாவிட்டால் அரசு மானியம் நின்றுவிடும். தணிக்கையாளர் செமேசி சுவாவிலிருந்து வந்திருந்தான். அபிசாயின் கணக்கை வருடாவருடம் தணிக்கை செய்தவன் அவன்தான். எனக்கு மாமா மகன். எங்களில் மச்சான் என்றால் அவமானப்படுத்த உரிமம் வாங்கியவன் என்று அர்த்தம்.

30-ஆம் தேதி சாயங்காலம் முதல்வர் வந்தார். “காலையில எட்டு மணிக்குப் போலீஸ் படகு வருது. பணம் எங்கேன்னு சொல்லு, இல்ல கிளம்பத் தயாரா இரு” என்று வாசிதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். கணவன் இல்லை.

“அண்ணன் எடுத்துட்டுப் போனார்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. கடல்ல போயிருக்கும்னு எழுதி முடிச்சிடறேன்” என்றேன்.

“நான் பாக்கலீங்க.”

“பாக்காட்டி என்ன?”

“அவர் தலையில பழியப் போட்டு நான் வீட்டுக்குப் போறதா? அதுக்குச் சிறையே தேவலை.” எழுந்து போய்விட்டாள்.

செமேசி கொட்டாவி விட்டான். “மச்சான், நான் விருந்தினர் குடிலுக்குப் போறேன். நீ உக்காந்து கூட்டு. உன் கூட்டல் எல்லாம் உன் மூஞ்சி மாதிரி, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல.”

“போடா. உங்க அப்பன் காலத்துலயே நான் ஐந்தொகை போட்டவன்.”

“அதான் அவர் சீக்கிரம் போயிட்டார்.”

சிரித்துக்கொண்டே போனான். மணி 9.40. அன்று நூறாவது இரவு என்பது அப்போது என் நினைவில் இல்லை.

11.00 மணிக்கு மின்னாக்கி நின்றது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினேன். எங்காவது ஒரு பதிவு விடுபட்டிருக்குமா என்று அந்த வருடத்து ஏடு முழுவதையும் முதல் வரியிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரியான வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரிக்குறி. அதுதான் என் வேலை முறை.

11.25. சொட்... சொட்... என்று ஒரு சத்தம். மழை இல்லை. நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அபிசாயின் மேசைக்கு முன்னால் தரை ஈரம். கூரையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. துணியால் துடைத்தேன். துணியில் கடல் வாடை.

கல்லூரியே கரையில்தான் இருக்கிறது, எல்லாமே கடல் வாடைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

12.35. நாற்பத்தாறாம் பக்கம் முடித்திருந்தேன். கழிப்பறைக்குப் போனேன். நான்கு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது ஏடு அறுபத்தொன்றாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

காற்று என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.

நாற்பத்தேழிலிருந்து அறுபத்தொன்று வரை எல்லா வரியிலும் சரிக்குறி. என் பென்சில்தான், என் குறி அல்ல. என் குறி வலப்பக்கம் சாயும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கைக்காரர் போட்டது.

நான் இடக்கைக்காரன் அல்ல.

அதோடு விட்டாரா? முப்பத்தெட்டாம் பக்கத்தில், நான் ஏற்கெனவே முடித்த பக்கத்தில், என் கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம். மறுபடி கூட்டினேன். எழுபது டாலர் பிழை. முப்பது வருட அனுபவம் உள்ளவனை இப்படி அவமானப்படுத்த மச்சானுக்கு அடுத்து இன்னொரு ஆள்! அந்த நிமிடம் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாக.

கோபம் 1.10 வரைதான்.

அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தது. கிர்ர்ர்...

நாய் என்று நினைத்தேன். நாய் நாற்காலியில் உட்காராது. உட்கார்ந்தாலும் அப்படிப் பெருமூச்சு விடாது.

என் நெஞ்சு அடித்த அடியில் எதிர்க்கரை நகரத்தில் நாலு பேர் விழித்திருப்பார்கள்.

“யாரு?”

மரியாதையைக் கூட்டிக் கேட்டேன்.

“யாருங்க?”

டொக்... டொக்...

மேசையில். இரண்டு தட்டு.

வெளியே ஓடலாம். வாசல் அந்த அறை வழியாகத்தான்.

விளக்கின் சுடர் சிறுத்தது. மணி 1.17.

தாள் கிழியும் சத்தம். மெதுவாக. ஒட்டின தாளை யாரோ பொறுமையாகப் பிரிப்பதுபோல்... ஓரத்திலிருந்து... ஓரம்வரை...

பிறகு மரம் மரத்தில் உரசியது.

பிறகு ஒன்றுமில்லை.

வாசிதியின் முகம் நினைவுக்கு வந்தது. எட்டு மணிப் படகு நினைவுக்கு வந்தது. எழுந்தேன்.

நாற்காலி காலி. தரையில் மறுபடி ஈரம்.

இழுப்பறை இரண்டு விரல் அளவு திறந்திருந்தது.

முதல்வரின் கையெழுத்து நடுவில் கிழியாமல் தொங்கியது. பூட்டு பூட்டியே இருந்தது.

விரலை விட்டேன்.

காகிதம். நனைந்த காகிதம்.

பணம் கட்டிய வங்கி ரசீது. கல்லூரியின் பழைய கட்டட நிதிக் கணக்கு. பல வருடமாகச் சல்லி இல்லாத கணக்கு என்பதால் யாருமே விசாரிக்காமல் விட்டிருந்தது. ஈரத்தில் முத்திரை மை பரவி ஊதாக் கறையாக இருந்தது. தொகை மட்டும் தெளிவு.

1,840.

எனக்குப் பின்னால், கழுத்துக்கு மிக அருகில், யாரோ மூச்சை விட்டார்கள்.

வேலை முடிந்தவர் விடும் மூச்சு.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். கதவு வழியாக வந்ததாக நினைவில்லை. குடிலில் செமேசியை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். பாயில் உட்கார்ந்தபடி ரசீதை விளக்கில் காட்டிப் பார்த்தான்.

“முதல்வர் சரியாத் தேடியிருக்க மாட்டார். இழுப்பறை இடுக்குல மாட்டிக்கிட்டிருக்கும். நீ யங்கோனா எத்தனை கிண்ணம் குடிச்ச?”

“ஒண்ணுகூட இல்லடா!”

“அதான் பிரச்சினை. குடிச்சிருந்தாத் தூங்கியிருப்ப.”

காலையில் போலீஸ் படகு வந்தது. செமேசி அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, 9.05-க்கு வங்கிக்குத் தொலைபேசியில் பேசினான். நான் வாசலில் நின்றேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். இடையிடையே தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான்; என் காதில் விழவில்லை. பிறகு தொலைபேசியை வைத்தான்.

“பணம் இருக்கு” என்றான். “போலீஸ அனுப்பிடுங்க.”

அறிக்கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடாமலே மேசையில் போட்டுவிட்டு எழுந்தான். படகுப் பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

முதல்வர் எங்கள் வழக்கப்படி, யங்கோனா பானம் செய்யும் வேரை ஒரு கட்டாகக் கொண்டுவந்து வாசிதியின் முன்னால் வைத்து, தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அவள் அழவில்லை. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று முறை கை தட்டினாள். என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவர் சாப்பிட்டாரா, இல்லையான்னு தெரியுமா உங்களுக்கு?”



அதற்குப் பிறகு பதினொரு வருடம் இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாணம் இல்லை, சாவு வீடு இல்லை. ஒவ்வொரு முறையும் செமேசி எதிரில் உட்கார்ந்து கெடுப்பான். போன முறை இழுப்பறை இரண்டு விரல் திறந்தது, இந்த முறை நாலு விரலா என்பான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றதற்கு விருந்து. அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். மறுபடி சொன்னேன். எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், என்ன கிண்டல் செய்வானோ என்று. அவன் தேங்காய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“அன்னிக்கு வங்கியில பேசினது ஒரு புதுப் பொண்ணு மச்சான். பணம் கட்டினப்போ அவ சுவாவிலேர்ந்து வந்து ஒரு வாரம்தானாம். யாரையும் தெரியாது. பணத்த அவதான் வாங்கியிருக்கா.”

“சரி.”

“எந்தத் தேதின்னு கேட்டேன். டிசம்பர் இருபத்துநாலுன்னா.”

யாரும் சிரிக்கவில்லை.

“நாளு தப்பா இருக்கும், பாருன்னேன். பாத்துட்டு வந்து அதே தேதியச் சொன்னா. ஆள் எப்படி இருந்தார்னு கேட்டேன். வயசானவர், மொத்தப் பேச்சே ஒரு வாக்கியம்தான், அதனால ஞாபகம் இருக்குன்னா.”

“என்ன சொன்னாராம்?”

செமேசி என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“‘ரசீது வேணும்மா, என் தங்கச்சியக் கேப்பாங்க’ன்னாராம்.”

பிறகு அவனே தொடர்ந்தான்.

“இருபத்துமூணாந் தேதி மண்ணு போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த இருபத்துநாலாந் தேதிய எங்கயும் எழுதாமத்தான் கையெழுத்துப் போட்டேன். நடந்துச்சு மச்சான். நீ சொன்னது எல்லாமே நடந்துச்சு.”