உட்கார்ந்து விற்கும் சேலை

போன வாரத்துக்கு முந்தின வாரம், தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இருக்காது. பஸ்ஸில், பாங்கில், ஒருமுறை கல்யாண மேடைக்கு எதிரே முதல் வரிசையில்... நான் தூங்காத இடம் குறைவு. ஆனால் பட்டு செக்‌ஷன் தூக்கம் இருக்கிறதே — அதற்கு ஈடே கிடையாது.

ஆடிக் கடைசி. வெளியே சாரல். உள்ளே ஏ.சி. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்த மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. வாங்குகிறவர்களும் தரையில், விற்கிறவர்களும் தரையில். யாரோ சேலையைப் பிரிக்கிற சத்தம். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று நிறங்கள் கண்முன்னே விரிந்து, மடிந்து, மறுபடி விரிந்து... எப்போது கண் சொருகியது என்றே தெரியவில்லை.

எனக்கு அங்கே என்ன வேலை? என் தங்கை மகள் சுகந்திக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சேலை என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட முடியாது. கூடவே வந்து உட்கார வேண்டும். தூங்கத் தடையில்லை.

சுகந்தி நல்ல கறுப்பு. எங்கள் குடும்பத்து நிறம். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

எதிரே இரண்டு விற்பனைப் பெண்கள். இருவரும் நல்ல சிவப்பு. ஒருத்தி சேலையைப் பிரிப்பாள். இன்னொருத்தி தன் தோளில் போட்டு, முந்தானையை நீவிவிட்டுக் காட்டுவாள். 'மேல வச்சுக் காட்டுறது' என்று கடையில் சொல்கிறார்கள். அவள் மேல் எல்லாச் சேலையும் அழகாகத்தான் இருந்தது. அதை வாங்கி சுகந்தி தன் தோளில் போடுவாள். கண்ணாடியைப் பார்ப்பாள். மெதுவாக எடுத்துக் கீழே வைத்துவிடுவாள்.

முப்பது சேலை இப்படி ஆயிற்று.

என் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் என் குறட்டை வேறு. "அண்ணே, இங்கன உக்காந்து தூங்குறதுக்கு, கீழ போயி காலையில எடுத்த நாலு சேலைக்கும் ஃபால்ஸாச்சும் வாங்கியாங்க" என்றாள்.

எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. விந்தி விந்திப் படியிறங்கினேன்.

கீழ்த்தளத்தில் மேட்சிங் பிரிவு. தரையிலிருந்து கூரை வரைக்கும் துணி. பச்சை என்றால் ஒரு பச்சையா? இருபது பச்சை. சாரல் நாளின் மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும்போது, தூக்கம் இன்னும் கலையவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். முருகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை ஏன் மாற்றினேன் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

நாலு சேலைகளையும் ஒருமுறை பார்த்தாள். ஒட்டிவைத்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டு போகவில்லை. நாலு ஃபால்ஸை உருவிப் போட்டாள். நான் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே நிறம்.

"எப்படிம்மா?"

"நாலு வருசமா இதத்தான சார் பாக்குறேன். கண்ண மூடுனாலும் கலருதான் வருது."

அப்போதுதான் கவனித்தேன். வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம் என்று கொக்கு மாதிரி மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கஸ்டமருக்கென்று இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

"கால் மரத்துருச்சா சார்? உக்காருங்க. பில்லு வர நேரமாகும்."

உட்கார்ந்து மரத்துப் போன காலுக்கு, நின்று வீங்கிப் போன கால்காரி ஸ்டூல் தருகிறாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

"நீ உட்காரலையா?"

"கீழ யாரும் உக்காரக் கூடாது சார். கஸ்டமர் இல்லைன்னாலும் நிக்கணும். காலைல ஒம்பதரைக்கு நின்னா நைட்டு ஒம்பது வரைக்கும். நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி. அப்ப உக்காருவோம்."

சம்பளம் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் தயங்கவே இல்லை.

"குடோன்ல துணி மடிக்கிறவுகளுக்கு ரெண்டாயிரம். இங்கன ரெண்டாயிரத்து முந்நூறு. மேல பட்டுல மூவாயிரம். அங்கன உக்காந்து விக்கலாம் சார்."

"அங்கே கேட்டுப் பார்க்கலையா?"

"ரெண்டு வருசமாக் கேக்குறேன். இப்பக்கூட மேல ஒரு அக்கா வேலைய விட்டு நிக்கிறாக. வெள்ளிக்கிழம வேற ஆளு போடப் போறாக." தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "நம்ம கலருக்கு மேல வச்சுக் காட்டுனா சேலை எடுபடாதாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. மேலே முப்பது சேலையைக் கழற்றி வைத்தவள் ஞாபகத்துக்கு வந்தாள்.

"நின்னுக்கிட்டே தூங்கிருக்கீங்களா சார்?" என்று திடீரென்று கேட்டாள்.

தூக்கத்தில் எனக்குப் போட்டியா? இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"மத்தியானம் மூணு மணிக்கு ஆளே இருக்காது. கண்ணு தெறந்துதான் இருக்கும். ஆனா தூங்கிருவேன். கனவுகூட வரும்."

"என்ன கனவு?"

"வேறென்ன சார்... உக்காந்துருக்குற மாதிரி." சிரித்தாள். "எங்க ஊரு ஓடைப்பட்டியில, திராட்சைப் பந்தலுக்குக் கீழ சும்மா உக்காந்துருக்கேன். எல வழியா வெயிலு கொஞ்சங் கொஞ்சமா விழுகுது. எந்திரின்னு சொல்ல ஒரு ஆளு இல்ல."

பில்லுக்குக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில், எனக்குத் தெரிந்த கடைகளெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்து போயின. சின்னமனூரில் நான் போகிற உரக்கடையில் விற்பனையாளருக்கு நாற்காலி உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு. விவசாயியும் அவரும் பயிர் நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி ஆகும். புதிதாக முளைக்கிற செல்போன் கடைகளில் சுற்றுகிற நாற்காலியே போட்டிருக்கிறார்கள். முருகேஸ்வரியின் சிநேகிதி ஒருத்தி குமுளியில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறாளாம். இவளைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். ஆனால் மலையாளம் பேச வேண்டும், வாசலில் நின்று 'வரூ சேட்டா' என்று கூப்பிட வேண்டும்.

யார் என்ன விற்கிறார்கள் என்பதா சம்பளத்தைத் தீர்மானிக்கிறது? எங்கே விற்கிறார்கள், எந்த பாஷையில், என்ன நிறத்தில், நின்றா உட்கார்ந்தா... இதில் அவரவர் திறமை எந்த இடத்தில் வருகிறது?

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன்.

கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். பத்தி எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "தம்பி, இந்தப் பொண்ணு நாள் பூரா நிக்குதாம். ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தா என்ன?" என்றேன்.

"கண்டிப்பா சார். செஞ்சிரலாம் சார்" என்றார். அவ்வளவு பணிவு. பெரிய சமூக சேவை செய்துவிட்ட நினைப்பில் படியேறினேன். நாலாவது படியில் பின்னால் அவர் குரல் கேட்டது. பணிவெல்லாம் போயிருந்தது.

"கஸ்டமர்கிட்ட ஒப்பாரி வைக்கிறியா? நாளையிலருந்து குடோனுக்குப் போயிரு. அங்கன யாருட்டயும் பேச வேண்டியதில்ல."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டவளை இரண்டாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். ஒரே வாக்கியத்தில். அவமானமாக இருந்தது. திரும்பப் போய்ப் பேசினால் இன்னும் கெடும் என்பது மட்டும் புரிந்தது. மேலே போனேன்.

மேலே நிலைமை முற்றியிருந்தது. மேனேஜரே வந்து உட்கார்ந்திருந்தார். "பாப்பா நெறத்துக்கு லைட் கலர்தான்ம்மா நல்லாருக்கும். அப்பத்தான் மொகம் தெளிவாத் தெரியும்" என்று சந்தன நிறத்தில் ஒன்றை நீட்டினார்.

சுகந்தியின் கண் நிறைந்துவிட்டது. "எதுனாலும் எடும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். தன் கல்யாணச் சேலையில் தோற்றுப் போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தூக்கமெல்லாம் சுத்தமாகக் கலைந்தது.

"கீழே மேட்சிங்கில் ஒரு பொண்ணு இருக்கு, முருகேஸ்வரின்னு. அதை வந்து மேல வச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

மேனேஜர் தயங்கினார். "அது மேட்சிங் ஆளு சார். பட்டெல்லாம் பழக்கமில்ல..."

"அந்தப் பொண்ணு காட்டினால் எடுக்கிறோம். இல்லாவிட்டால் இன்னைக்கு வேண்டாம்."

என் தங்கை என்னையே பார்த்தாள். நான் இத்தனை வருடத்தில் எந்தக் கடையிலும் இவ்வளவு பேசியதில்லை.

முருகேஸ்வரி வந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. இன்னொரு திட்டு காத்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பாள். மெத்தையின் ஓரத்தில், விரிப்பை மிதிக்காமல் நின்றாள்.

"உக்காரு" என்றார் மேனேஜர்.

அவள் உட்கார்ந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கையை மெத்தையில் ஊன்றி, ஒவ்வொரு காலாக மடித்து, மெல்ல... உட்கார்ந்த பிறகு ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். உடனே வேலையில் இறங்கிவிட்டாள்.

முன்னால் குவிந்திருந்த லைட் கலர்களையெல்லாம் ஒதுக்கினாள். சுகந்தியை ஒருமுறை பார்த்தாள், ஃபால்ஸுக்கு என் சேலைகளைப் பார்த்தாளே, அதே பார்வை. "அந்த மேல் அடுக்குல அரக்கு பார்டர் போட்ட கரும்பச்சை இருக்குல்ல, அத எடுங்கக்கா" என்றாள்.

"அது ரெண்டு வருசமாப் போகாத சரக்குப்பா" என்றாள் சிவப்புப் பெண்.

"எடுங்கக்கா."

பிரித்துத் தன் தோளில் போட்டாள். அதுவரைக்கும் அடுக்கில் மங்கலாகக் கிடந்த பச்சை, அவள் மேல் மழை பெய்த மறுநாள் வயல் மாதிரி இருந்தது. சுகந்தி முட்டிபோட்டு முன்னால் நகர்ந்து வந்தாள்.

"லைட் கலர் போட்டா சேலை தனியாத் தெரியும், நாம தனியாத் தெரிவோம்க்கா. அடர்த்தியாப் போடுங்க, ரெண்டும் சேந்து தெரியும்" என்று சொல்லி, சேலையைச் சுகந்தியின் தோளுக்கு மாற்றினாள். மாற்றும்போது ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில், ஒரே சேலைக்குள் இருந்தார்கள்.

"மாமா, இதுதான்" என்றாள் சுகந்தி.

எடு என்று தலையை ஆட்டினேன்.

பக்கத்து மெத்தையில் தேவதானப்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. "ஆத்தா, அங்கன முடிஞ்சதும் இங்கன வா" என்று அந்த அம்மாள் கூப்பிட்டார். அவர் மகளும் எங்கள் நிறம். அதில் என்ன ஆச்சரியம்? வெயிலில் நின்று பிழைக்கிற பள்ளத்தாக்கு இது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பு. சேலையைப் போட்டுக் காட்டுகிறவள் மட்டும் ஏன் வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாங்கள் பில் போட்டு முடிக்கும்போது அவள் மூன்றாவது குடும்பத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் இந்தத் தடவை ஸ்டூல், கால் என்றெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. பட்டது போதும். "அந்தப் பொண்ணு இல்லாவிட்டால் எங்களுக்குச் சேலை அமைஞ்சிருக்காது" என்று மட்டும் சொன்னேன்.

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றார்.

முந்தாநாள், சேலைக்குக் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்ததை வாங்கப் போனேன். நேரே மாடிக்குத்தான் ஏறினேன். குடோனா, மெத்தையா?

மெத்தைதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமையே போட்டுட்டாக சார்" என்றாள்.

"குடோன்?"

"அதப்பத்தி யாரும் அப்புறம் பேசல."

"கால் வீக்கம்?"

"வத்திருச்சு சார்."

"சம்பளம்?" மறுபடியும் கேட்டுவிட்டேன்.

"அது பழைய சம்பளந்தான். ஆறு மாசம் பழகட்டும், பெறகு பாப்போம்னு சொல்லிட்டாக."

பழகுவதா? ரெண்டு வருடமாகப் போகாத சரக்கை ரெண்டு நிமிடத்தில் விற்றவள் இன்னும் என்ன பழக வேண்டும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசர் படியில் நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அந்தத் திராட்சைப் பந்தல் கனவு இப்பவும் வருதா?" என்றேன்.

"உக்காந்துட்டேன்ல சார். அது இப்ப வர்றதில்ல. மத்தியானம் வேற கனவு வருது."

"என்ன கனவு?"

தள்ளி உட்கார்ந்திருந்த மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மடித்த சேலையின் ஓரத்தை நீவிவிட்டபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சம்பளம் ஏத்திக் குடுக்குறாக சார்."